பழந்துப்பாக்கி கடல் தாண்டி வர: ஒரு மார்ட்டினி-ஹென்றியைச் சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுவந்த கதையும் வழியும்

என் வீட்டுச் சுவரில் ஒரு துப்பாக்கி தொங்குகிறது. மார்ட்டினி-ஹென்றி, இங்கிலாந்தில் செய்தது. 1879 என்ற வருடம் அதன் இரும்பிலேயே பொறித்திருக்கிறது. அதை ஒஹையோவுக்குக் கொண்டுவர நான் பட்ட பாட்டில் பாதி, விலைச்சீட்டில் இருந்த ஒரே வரியால் வந்தது. விற்றவர் “விக்டோரியா காலத்து ராணுவத் துப்பாக்கி” என்று எழுதி அனுப்பிவிட்டார். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் விக்டோரியா மகாராணி இறந்தது 1901 ஜனவரியில். அமெரிக்கச் சட்டம் கேட்பதோ 1898 முடிவதற்குள் செய்ததா என்று. நடுவில் உள்ள அந்த இரண்டு வருடச் சொச்சத்துக்காக என் பெட்டி சுங்கக் கிடங்கில் ஆறு வாரம் கிடந்தது. துப்பாக்கி பழையதுதான், ஆனால் அது பழையது என்று காகிதம் சொல்லவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்கக் காகிதத்தைப் பற்றியதுதான். பிரிட்டனிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் வழியை முதுகெலும்பாக வைத்துக்கொள்கிறேன். நான் நடந்த வழி அது. கனடாவும் இந்தியாவும் இடையில் வரும். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் துப்பாக்கியின் விவரத்தைச் சொல்லி உரிய அலுவலகத்தில் ஒருமுறை எழுத்தில் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் அது, துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்-இன் இறக்குமதிப் பிரிவு, மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கிறது.

முதல் படி: எது “பழம்பொருள்” என்று தெரிந்துகொள்வது

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் அடிப்படை. 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி என்றால் அது பழம்பொருள். திரி வைத்துச் சுடுவதா, சக்கிமுக்கிக் கல்லா, கேப்பு (அடித்தால் பொறி தரும் சிறு மூடி) வைப்பதா, தோட்டா போடுவதா என்பதெல்லாம் இந்தப் பிரிவுக்குப் பொருட்டில்லை. வருடம் ஒன்றுதான் கணக்கு. அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு ஏ.டி.எஃப்-இன் இறக்குமதி அனுமதியான படிவம் 6 தேவையில்லை. உரிமம் பெற்ற வியாபாரி வழியாக வரவேண்டும் என்பதும் இல்லை. சாதாரண ஆள் தன் பெயரிலேயே தருவிக்கலாம். ஆனால் வருடத்தை நிரூபிக்க வேண்டியது தருவிப்பவர் பொறுப்பு.

பலர் குழம்பும் இடம் ஒன்று. ஐம்பது வயது கடந்த துப்பாக்கிகளை “கியூரியோ அண்ட் ரெலிக்” என்று ஒரு வகையில் வைப்பார்கள். சேகரிப்பாளர்கள் பேச்சுவாக்கில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள். இரண்டும் வேறு. முதல் உலகப்போரின் லீ-என்ஃபீல்டு ரைஃபிள் நூறு வயது தாண்டியும் பழம்பொருள் ஆகாது. அதற்குப் படிவம் 6 வேண்டும், உரிமம் வைத்திருப்பவர் வழியாகத்தான் வரவேண்டும். நூறு வயது என்ற கணக்கு சுங்கவரிப் பட்டியலுக்கு மட்டும்தான். துப்பாக்கிச் சட்டத்தில் 1898 என்ற கோடு அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது.

இன்னொரு கண்ணி: குழலின் நீளம். 16 அங்குலத்துக்குக் குறைவான ரைஃபிள், 18 அங்குலத்துக்குக் குறைவான ஷாட்கன் போன்றவற்றுக்கு இன்னொரு சட்டம் இருக்கிறது. அதில் பழம்பொருள் என்பதன் விளக்கம் கொஞ்சம் இறுக்கமானது. தோட்டா போட்டுச் சுடும் வகையாக இருந்தால், வருடம் மட்டும் போதாது. அந்தத் தோட்டா இன்று கடையில் கிடைக்காததாகவும் இருக்க வேண்டும். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை யாரோ எந்தக் காலத்திலோ அறுத்துக் குட்டையாக்கியிருந்தால், தொடாதீர்கள்.

இரண்டாம் படி: இரண்டு முனையின் சட்டத்தையும் சேர்த்துப் பார்ப்பது

ஒரே துப்பாக்கிக்கு நாட்டுக்கொரு பெயர். இது புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

என்னுடைய மார்ட்டினி சுடுவது 577/450 என்ற பெரிய தோட்டாவை. 1890-களில் இதே மார்ட்டினிகள் பலவற்றை பிரிட்டிஷ் ராணுவம் குழல் மாற்றி 303 தோட்டாவுக்குத் திருத்தியது. அவற்றுக்கு மார்ட்டினி-என்ஃபீல்டு என்று பெயர். அப்படி 1896-இல் திருத்திய ஒன்று ஏலத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி.

அமெரிக்கா சொல்லும்: இரண்டும் 1898-க்கு முந்தியவை, இரண்டும் பழம்பொருள்.

பிரிட்டன் அப்படிச் சொல்லாது. அங்கே 2021 மார்ச் 22 முதல் பழந்துப்பாக்கி விதிகள் எழுத்தில் வந்துவிட்டன. 1939 செப்டம்பர் 1-க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும். அதோடு, முன்வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வகை போன்ற பழைய முறையாகவோ, வழக்கொழிந்த தோட்டாக்கள் என்று அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள தோட்டாவுக்கானதாகவோ இருக்க வேண்டும். அலங்காரப் பொருளாகவோ அரும்பொருளாகவோ மட்டுமே வைத்திருக்க வேண்டும். 577/450 பட்டியலில் இருக்கிறது. 303 இல்லை, அதை இன்றும் செய்து விற்கிறார்கள். ஆகவே தம்பிக்கு பிரிட்டனில் துப்பாக்கிச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாத நீங்கள் ஏலத்தில் ஜெயித்தாலும் கையில் வாங்க முடியாது. உரிமம் உள்ள வியாபாரி வழியாகத்தான் அது நாட்டை விட்டுக் கிளம்பும்.

அந்தப் பட்டியலும் கல்வெட்டு அல்ல. 2021-இல் ஏழு தோட்டாக்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள்; பெரும்பாலும் பழைய ரிவால்வர் தோட்டாக்கள். 320 பிரிட்டிஷ், 442 ரிவால்வர், 44 ஸ்மித் அண்ட் வெஸன் ரஷ்யன் எல்லாம் அதில் போயின. குற்றவாளிகள் இவற்றைத் தேடி வாங்க ஆரம்பித்ததுதான் காரணம். அதுவரை அலமாரியில் பொம்மை மாதிரி இருந்தது, அதன்பிறகு சான்றிதழ் கேட்கும் ஆயுதம். பழைய ஏல அட்டவணையைப் பார்த்து “இது விலக்குப் பெற்றது” என்று நம்பி வாங்காதீர்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு இன்னும் நுணுக்கம். அங்கே சட்டம் சொல்வது “1898-க்கு முன்”. அதாவது 1898-இல் செய்த துப்பாக்கி டெட்ராய்ட்டில் பழம்பொருள். பாலம் தாண்டி விண்ட்ஸரில் இல்லை. மேலும், நடுவில் கேப்பு உள்ள தோட்டா போடும் நீண்ட துப்பாக்கியாக இருந்தால் குழல்துளை 8.3 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. தோட்டா அடுக்கும் பெட்டி வைத்துத் தொடர்ந்து சுடும் வகையாகவும் இருக்கக்கூடாது. 577/450 மார்ட்டினி ஒற்றைத் தோட்டா, துளை 11 மில்லிமீட்டருக்கு மேல். தாராளமாகத் தேறிவிடும். 303 துளை 7.7. தேறாது.

இதோடு முடியவில்லை. அமெரிக்காவுக்குள்ளேயே மாநிலம் மாநிலமாகப் பாருங்கள். நம்மவர்கள் நிறைய இருக்கும் நியூ ஜெர்சியில், தோட்டா போடும் துப்பாக்கி 1898-க்கு முந்தியது என்பது மட்டும் போதாது, அதன் தோட்டா வணிகரீதியில் கிடைக்காததாகவும் இருக்க வேண்டும். எடிசனில் இருக்கும் நண்பர் ஒருவர் என் மாதிரியே மாட்டிக்கொள்ளப் போனார். மத்தியச் சட்டத்தை மட்டும் படித்துவிட்டு ஒரு மார்ட்டினி-என்ஃபீல்டுக்கு முன்பணம் கட்டியிருந்தார். நல்லவேளை, விற்றவர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்றாம் படி: துப்பாக்கியைப் படிப்பது

வாங்குமுன் விற்பவரிடம் நான் கேட்பது ஒரு படம்: வலதுபக்க இரும்பு உடலின் நெருக்கமான படம். மார்ட்டினியில் மேலே ஒரு கிரீடம், அதன் கீழ் விக்டோரியா மகாராணியைக் குறிக்கும் வி.ஆர் என்ற எழுத்துகள், பிறகு என்ஃபீல்டு அல்லது பி.எஸ்.ஏ அண்ட் எம் மாதிரி செய்த இடத்தின் பெயர், கீழே வருடம், அதற்கும் கீழே எத்தனையாவது மார்க் என்ற ரோமன் எண். இந்த ஐந்தும் ஒரே படத்தில் வாசிக்கத் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

போலிகளை இங்கேதான் பிடிக்க வேண்டும். கைபர் கணவாய்ப் பக்கம் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக மார்ட்டினியை நகலெடுத்தார்கள். கைத்திறனைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் ஆங்கிலம் தெரியாமல் எழுத்தைப் படமாகப் பார்த்துச் செதுக்கியதால் என்ஃபீல்டு என்ற சொல்லில் ‘என்’ எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருக்கும். வி.ஆர் என்று போட்டுவிட்டு வருடம் 1908 என்று இருக்கும். மகாராணி போய் ஏழு வருடம் ஆன பிறகு அவர் முத்திரை எப்படி வரும்? ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய அமெரிக்க வீரர்கள் பலர் கடைத்தெருவில் இப்படிப்பட்டவற்றை வாங்கியிருக்கிறார்கள். இதில் பண நஷ்டத்தை விடப் பெரிய விஷயம் சட்டம். 1885 என்று பொறித்திருந்தாலும் உண்மையில் 1930-இல் அடித்த துப்பாக்கி 1930 துப்பாக்கிதான். பொறித்த எண்ணை நம்பினேன் என்பது பெரிய தற்காப்பு ஆகாது.

வருடம் பொறிக்காத துப்பாக்கிகளும் உண்டு. அவற்றுக்கு வேறு சாட்சி வேண்டும். சில சமயம் கம்பெனியின் பெயரே சாட்சி: பெர்லினின் லூட்விக் லோவ கம்பெனியின் துப்பாக்கித் தொழில் 1896-இல் டி.டபிள்யூ.எம் என்ற புது நிறுவனத்துக்குள் போய்விட்டது. ஆகவே லோவ பெயர் பொறித்த சிலி நாட்டு 1895 மவுசர் ரைஃபிள் என்றால் அது கோட்டுக்கு இந்தப் பக்கம்தான். வின்செஸ்டர் போன்றவற்றுக்கு எண்ணை வைத்துத் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து கடிதம் வாங்கலாம். வயோமிங்கின் கோடி நகரத் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய ஏடுகள் இருக்கின்றன. குழல், கட்டை எல்லாம் பிற்காலத்தில் மாற்றியிருந்தாலும், அமெரிக்காவில் பார்ப்பது நடு இரும்பு உடல் எந்த வருடத்தியது என்றுதான்.

நம் பக்கத்துப் பொருளுக்கு வருவோம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் துப்பாக்கிகள் நிறைய இங்கிலாந்துக்குப் போயின. இன்றும் அவ்வப்போது ஏலத்துக்கு வருகின்றன, 2015 ஏப்ரலில் லண்டனில் ஒரு பெரிய சேகரிப்பே விலைபோனது. அவற்றில் உள்ள வருடம் பெரும்பாலும் வழக்கமான இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி அல்ல. நபிகள் பிறப்பிலிருந்து எண்ணும் மவுலூதிக் கணக்கு, எண்களும் வலமிருந்து இடமாக. அப்படியே வாசித்து விலைச்சீட்டில் போட்டால் சுங்க அதிகாரி தலையைச் சொறிவார். ஆங்கில ஆண்டை மாற்றி எழுதி, மாற்றிய விதத்தையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் படி: உள்ளே மருந்து இருக்கிறதா?

இதை யாரும் வழிகாட்டிகளில் எழுதுவதில்லை, ஆனால் உயிர் விஷயம். முன்வாய் வழியாகக் கெட்டிக்கும் பழந்துப்பாக்கிகளில் சில, கெட்டித்தபடியே நூறு வருடம் பரணில் கிடந்திருக்கும். கருமருந்துக்கு வயதாவதில்லை. ஈரம் படாமல் இருந்தால் இன்றும் வெடிக்கும்.

பார்க்கும் முறை எளிது. ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக அடிவரை விடுங்கள். குழல்வாய் விளிம்பில் குச்சியில் பென்சிலால் கோடு போடுங்கள். குச்சியை வெளியே எடுத்து, அந்தக் கோடு வாய் விளிம்பில் இருக்கும்படி குழலின் வெளிப்பக்கமாகப் பிடியுங்கள். குச்சியின் நுனி, தீ நுழையும் துளை வரைக்கும் வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால், உள்ளே ஏதோ இருக்கிறது. குருவிக்கூடாகவும் இருக்கலாம், மருந்தும் ஈயக்குண்டுமாகவும் இருக்கலாம். நோண்டாதீர்கள், துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் விடுங்கள். முகத்தைக் குழல்வாய்க்கு நேராக வைக்காதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

விற்பவரை இதைச் செய்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதே பெட்டியில் பழைய தோட்டா, மருந்துக் கொம்பில் மிச்ச மருந்து, கேப்பு டப்பா என்று “அன்பளிப்பாக” எதையும் வைக்க வேண்டாம் என்றும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். துப்பாக்கி பழம்பொருள்; வெடிமருந்து வெடிமருந்துதான்.

ஐந்தாம் படி: தந்தம்

கைப்பிடியில் வெள்ளையாக ஏதாவது பதித்திருந்தால் எலும்பா, தந்தமா என்று கேளுங்கள். யானைத் தந்தத்துக்கு ஆயுதச் சட்டத்தோடு சம்பந்தமே இல்லாத வனவிலங்குச் சட்டங்கள் தனியாக வந்து நிற்கும். பிரிட்டனில் 2018-இன் தந்தச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தபின் தந்தம் பதித்த பொருளை விற்பதே அரிதான விலக்குகளுக்குள் அடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை வியாபாரமாகக் கொண்டுவர முடியாது. என் ஆலோசனை ஒரே வார்த்தை: விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: காகிதக் கட்டு

எனக்கு ஆறு வாரம் போன இடம். இப்போது நான் விற்பவருக்கு வாசகத்தையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். ஆங்கிலத்தில் போகும் அதன் சாரம் இது:

“தயாரிப்பு: என்ஃபீல்டு அரசு ஆயுதத் தொழிற்சாலை, இங்கிலாந்து. வகை: மார்ட்டினி-ஹென்றி மார்க் 2, ஒற்றைத் தோட்டா ரைஃபிள். தயாரித்த ஆண்டு: 1879, உடலின் வலப்புறம் பொறித்துள்ளது, படம் இணைப்பு. தோட்டா: 577/450, வழக்கொழிந்தது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பு தலைப்பு 18, பிரிவு 921-இல் வரையறுத்த பழந்துப்பாக்கி. 1898 அல்லது அதற்கு முன் செய்தது. தோட்டாவோ வெடிமருந்தோ உடன் இல்லை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பொருள்.”

இதோடு முத்திரைப் படங்கள், முழுத் துப்பாக்கியின் இருபக்கப் படங்கள், பணம் கட்டிய ரசீது. வருடம் பொறிக்காத பொருளானால் தொழிற்சாலைக் கடிதமோ, தகுதியுள்ள நிபுணர் ஒருவரின் கையெழுத்திட்ட குறிப்போ. மூன்று நகல்: ஒன்று பெட்டிக்கு வெளியே உறையில், ஒன்று உள்ளே, ஒன்று உங்கள் கையில். வெளியே இருப்பது கிழிந்து போவது வழக்கம்.

விலையைக் குறைத்துக் காட்டாதீர்கள். “வரி மிச்சம் ஆகுமே, பாதியாகப் போடட்டுமா?” என்று விற்பவரே ஆசை காட்டுவார். நூறு வயது தாண்டிய பழம்பொருளுக்குச் சுங்கப் பட்டியலில் 9706 என்ற தனித் தலைப்பு இருக்கிறது. அமெரிக்காவில் அதன் அடிப்படை வரி சுழியம். பொய் சொல்லி மிச்சம் பிடிக்க அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை, பொருளைப் பறிகொடுக்க மட்டும் வழி உண்டு. கூடுதல் வரிகள் சமீப காலத்தில் அடிக்கடி மாறுவதால், பொருள் கிளம்பும் வாரத்தில் சுங்க முகவரிடம் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அத்தியாயம் 93, அதாவது சாதாரண ஆயுதங்களின் அத்தியாயம், உங்கள் சீட்டில் தவறிப்போய் வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் முகவரின் வேலை. என் முதல் சீட்டில் அது வந்திருந்தது.

ஏழாம் படி: கிளம்புவதும் வந்து சேர்வதும்

ஏற்றுமதி செய்யும் பக்கம்: ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட வாசனார் உடன்பாட்டின் ராணுவப் பட்டியலில், 1938-க்கு முன் செய்த ரைஃபிள்களுக்கும் 1890-க்கு முன் செய்த கைத்துப்பாக்கிகளுக்கும் விலக்கு உண்டு. கைத்துப்பாக்கிக்கு வருடம் முந்தியே இருப்பதைக் கவனியுங்கள். 1895 ரிவால்வர் அமெரிக்காவில் பழம்பொருளாக இருந்தும் கிளம்பும் இடத்தில் ஆயுத ஏற்றுமதி அனுமதி கேட்கலாம். இதுபோக, பண்பாட்டுப் பொருள் என்ற வகையிலும் ஓர் அனுமதி உண்டு: ஐம்பது வயது தாண்டி, குறிப்பிட்ட விலைக்கு மேல் போகும் பொருளுக்கு இங்கிலாந்தின் கலை மன்றத்திடம் வாங்க வேண்டும். சாதாரண ராணுவ ரைஃபிளுக்கு இது வராது. வெள்ளி இழைத்த மைசூர் துப்பாக்கிக்கு வரலாம்.

கூரியர் கம்பெனிகள் பெரும்பாலும் “துப்பாக்கி” என்ற சொல்லைப் பார்த்ததும் கைவிரிக்கும். பழம்பொருள் என்று வாதாடிப் பயனில்லை. அது அவர்கள் கொள்கை. ஆயுத ஏலங்களுக்கென்றே அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன, விலை கூட, கொடுத்துவிடுங்கள். பொருளின் பெயரை மறைத்து “உலோக அலங்காரப் பொருள்” என்று போட்டு அனுப்புவது சட்டப்படியான பொருளைச் சட்டவிரோதமாக்கும் குறுக்குவழி.

நானே விமானத்தில் எடுத்து வருகிறேனே என்றால்: விமான நிறுவனத்துக்கும் பாதுகாப்புச் சோதனைக்கும் பழையது புதியது கிடையாது. பூட்டிய கடினப்பெட்டி, முன்கூட்டி அறிவிப்பு, சரக்கறைப் பை என்று எல்லா விதியும் உண்டு. நடுவில் மூன்றாவது நாட்டில் விமானம் மாறினால் அந்த நாட்டுச் சட்டமும் சேரும். நான் செய்யமாட்டேன்.

பெட்டி துறைமுகம் வந்ததும் சுங்க அதிகாரி நிறுத்திக் கேள்வி கேட்டால் பதற வேண்டாம். தொலைபேசியில் வாதாடாமல், கேட்ட கேள்விக்குப் படத்தோடு எழுத்தில் பதில் அனுப்புங்கள். என் பெட்டி விடுபட்டது சட்டம் பேசியதால் அல்ல. கிரீடமும் 1879-உம் தெரியும் ஒரே படத்தைப் பெரிதாக்கி, வருடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பினேன். இரண்டாம் நாள் விட்டுவிட்டார்கள்.

ஊரில் இருக்கும் தாத்தா துப்பாக்கி

இதை எழுதுகிறேன் என்றதும் மூன்று பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ஊர்ப் பரணில் தாத்தாவின் துப்பாக்கி கிடக்கிறது, கொண்டுவரலாமா?

இந்தியாவில் நூறு ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டத்தின் கீழ் தொல்பொருள் ஆகிவிடும். அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தனியாருக்கு உரிமை இல்லை. மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போதான் அனுப்ப முடியும். மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. நூறு ஆண்டு ஆகாத துப்பாக்கி என்றால் அது 1898-க்குப் பிந்தியது. அமெரிக்கா பழம்பொருளாக ஏற்காது. இரண்டு கதவும் சாத்தியிருக்கின்றன.

திருப்பிப் பார்த்தாலும் அப்படியே. இங்கே வாங்கிய மார்ட்டினியை ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது எடுத்துப்போகலாமா என்றால், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 45, பழம்பொருளுக்கு விலக்கு தருகிறதுதான். ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத நிலையில் இருந்தால் மட்டும். என் மார்ட்டினியின் நெம்புகோலை இழுத்தால் இன்றும் கணீரென்று திறக்கிறது. இந்தியச் சட்டத்துக்கு அது துப்பாக்கிதான். இறக்குமதி உரிமம் வேண்டும்.

தாத்தா துப்பாக்கிக்குச் செய்ய வேண்டியது வேறு. உரிமம் யார் பெயரில் இருந்தது என்று பழைய உரிமப் புத்தகத்தைத் தேடுங்கள். அவர் காலமாகியிருந்தால் வாரிசுகளில் ஒருவர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், சென்னையென்றால் காவல் ஆணையர் அலுவலகத்தில், வாரிசு அடிப்படையில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்காமல் பரணிலேயே வைத்திருப்பதுதான் ஆபத்து. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது துப்பாக்கியைத் தொடாமல், அந்தப் புத்தகத்தை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள்.